குப்பை எங்கே போகிறது? ஓர் அனிமேஷன் படத்தின் துணையோடு பிள்ளைகளுக்குப் பூமியைப் பேணக் கற்றுத்தரும் வழி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு பொதுக்கூடம் இருக்கிறது. சனிக்கிழமை காலைகளில் அக்கம்பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பதினைந்து இருபது பேர் அங்கே கூடுவார்கள். வாசிப்பு, கதை, கொஞ்சம் கணிதம் என்று தொடங்கிய வகுப்பு அது. சில ஆண்டுகளுக்கு முன், சுற்றுச்சூழல் பற்றி ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசையில் ஓர் அனிமேஷன் படத்தை முழுவதுமாகப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் அரை மணி நேரம் பேசினேன். நெகிழியைத் தவிர்க்க வேண்டும், மரம் நட வேண்டும், தண்ணீரை வீணாக்கக் கூடாது என்றெல்லாம் சொன்னேன். பிள்ளைகள் நன்றாகத் தலையாட்டினார்கள். குடித்து முடித்த பானப் பெட்டிகளை நாற்காலிக்கு அடியிலேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அன்றிரவு ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய ஏழு வயது மகள் தூங்க மறுக்கிறாளாம். "பூமி செத்துப்போனால் நாம் எங்கே போவோம்?" என்று கேட்டு அழுகிறாளாம்.

பலருடைய மனத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. ஒரு குழந்தையின் மனத்தில் அச்சம் மட்டும் ஒட்டிக்கொண்டது. படத்தின் மேல் குறையில்லை. அதைக் கையாண்ட முறையில்தான் குறை. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் முறையை மாற்றி மாற்றிச் செய்துபார்த்து, இப்போது நான் பின்பற்றும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்யலாம். பள்ளியில் ஒரு கழகத்தோடும் செய்யலாம். மொத்தம் ஆறு வாரங்கள் பிடிக்கும். ஒரே நாளில் முடித்துவிட நினைப்பவர்கள் படத்தை மட்டும் பார்த்து மகிழட்டும். அதுவும் நல்லதுதான், ஆனால் அது வேறு வேலை.

எந்தப் படம்?

நான் எடுத்துக்கொள்வது 'வால்-ஈ'. பிக்சார் நிறுவனம் 2008-இல் வெளியிட்டது, ஆண்ட்ரூ ஸ்டான்டன் இயக்கியது, சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் விருது பெற்றது. மனிதர்கள் குப்பையில் மூழ்கிப்போன பூமியை விட்டு ஒரு கப்பலில் விண்வெளிக்குப் போய்விட்டார்கள். குப்பையை அள்ளி, வயிற்றுக்குள் அமுக்கி, கட்டி கட்டியாக அடுக்கும் ஒரு சிறு இயந்திரம் மட்டும் எழுநூறு ஆண்டுகளாக வேலையை விடாமல் செய்துகொண்டிருக்கிறது. அதன் பெயர்தான் வால்-ஈ.

இதைத் தேர்ந்ததற்கு முதல் காரணம் மொழி. படத்தின் முதல் அரை மணி நேரத்தில் பேச்சு மிகமிகக் குறைவு. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பிள்ளையும், இப்போதுதான் எழுத்துக்கூட்டும் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளையும் ஒரே அளவில் புரிந்துகொள்கிறார்கள். யாரும் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. பேச வேண்டியதைத் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். இரண்டாவது காரணம், இந்தப் படத்தின் நாயகன் உலகைக் காப்பாற்றப் புறப்பட்ட வீரன் இல்லை. குப்பை அள்ளுபவன். இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பது எனக்கே பிறகுதான் விளங்கியது.

வேறு படம் உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாக அதையே எடுங்கள். ஒன்றை மட்டும் பாருங்கள்: கெட்டவன் ஒருவன் வந்து காட்டை அழிக்கிறான், நல்லவன் வந்து அவனை விரட்டுகிறான் என்று முடியும் கதைகள் இந்த வேலைக்கு ஆகாது. பிள்ளை கெட்டவனை வெறுத்துவிட்டு, தன் கையில் இருக்கும் பொட்டலத்தைப் பாராமலே எழுந்து போய்விடும்.

முன்னேற்பாடு

படத்தை முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று நிமிடக் கணக்கோடு குறித்துக்கொள்ளுங்கள். தொண்ணூற்றெட்டு நிமிடப் படத்தில் நான்கைந்து இடங்களுக்கு மேல் நிறுத்தாதீர்கள். நிறுத்தி நிறுத்திப் பாடம் எடுத்தால் பிள்ளைகளுக்கு எரிச்சல் வரும், நியாயமாகவே வரும்.

வீட்டுக்காக வாங்கிய சந்தா வீட்டில் பார்ப்பதற்குத்தான். மண்டபத்திலோ கோயில் கூடத்திலோ பலர் கூடப் பார்ப்பதென்றால் உரிமையாளரிடம் முறையாக அனுமதி பெறுங்கள். நேர்மையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் கற்றுத்தரும் வழி அது.

அடுத்து, ஒரு பெட்டியில் சில பொருள்களைச் சேர்த்து வையுங்கள். நான் வைப்பவை: தே ஐஸ் (குளிர்ந்த பால்தேநீர்) கட்டிக்கொடுத்த நெகிழிப் பை ஒன்று, அதன் கழுத்தில் கட்டிய இளஞ்சிவப்புக் கயிறோடு, கம்பி ஒடிந்த குடை, தேங்காய்ச் சிரட்டை, அலுமினியப் பானக் குவளை, பிள்ளைகள் வளர்ந்து போட முடியாமல்போன பழைய பள்ளிக் காலணி ஒரு சோடி. 2021 முதல் பள்ளிக் காலணி கறுப்பாக மாறிவிட்டதால் வெள்ளைக் காலணிகள் இன்னும் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லி வையுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

முதல் சனிக்கிழமை: படத்தின் முதல் அரை மணி நேரம்

முன்னுரை எதுவும் வேண்டாம். "இன்று பூமியைப் பற்றிப் படிக்கப் போகிறோம்" என்று தொடங்கினால் பிள்ளைகள் முகத்தில் பள்ளிக்கூடம் வந்து உட்கார்ந்துவிடும். விளக்கை அணைத்துப் படத்தைப் போடுங்கள்.

தொடக்கத்தில் வானளாவிய கட்டடங்கள் வரிசையாகத் தெரியும். நெருங்கிப் பார்த்தால் அவற்றில் பல, கட்டடங்களே இல்லை. அமுக்கிய குப்பைக் கட்டிகளை அடுக்கி எழுப்பிய கோபுரங்கள். இங்கே முதல் நிறுத்தம். "இது எவ்வளவு உயரம் இருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். எங்கள் மாடி நடையிலிருந்து பார்த்தால் கடலுக்கு அப்பால் பினாங்குத் தீவில் கொம்தார் கோபுரம் தெரியும். பிள்ளைகள் உடனே அதைத்தான் அளவுகோலாக எடுப்பார்கள். "கொம்தாரைவிட உயரம் டீச்சர்!" உயரத்தைப் பேசி முடித்ததும் அடுத்த கேள்வி: "ஒரு கட்டியை வைக்க அதற்கு எவ்வளவு நேரம் ஆனது, பார்த்தீர்களா?" கோபுரம் என்பது ஒவ்வொரு கட்டியாக உயர்ந்தது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இரண்டாம் நிறுத்தம் எனக்கு மிகவும் பிடித்த இடம். வால்-ஈ குப்பையில் ஒரு சிறு பெட்டியைக் கண்டெடுக்கிறது. திறந்தால் உள்ளே வைர மோதிரம். மோதிரத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெட்டியை வைத்துக்கொள்கிறது. பிள்ளைகள் கலகலவென்று சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும். பிறகு, "ஏன் அப்படிச் செய்தது?" என்று கேளுங்கள். மூடியைத் திறந்து மூடும் விசை அதற்குப் பிடித்திருக்கிறது, உள்ளே எதையாவது வைத்துக்கொள்ளலாம் என்று பதில்கள் வரும். கடை விலை தெரியாத ஒன்று, பொருளைப் பொருளாகவே பார்க்கிறது. எதற்குப் பயன்படும், எப்படித் திறக்கும், தொட்டால் எப்படி இருக்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. அந்தப் பார்வையைத்தான் நான் பிள்ளைகளுக்குக் கொடுக்க விரும்புகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது, பழைய குளிர்பதனப் பெட்டிக்குள் ஒரு சிறு செடி முளைத்திருப்பதைக் காணும் இடம். இங்கே நிறுத்தி எதுவும் கேட்காதீர்கள். அந்தப் படம் திரையில் அசையாமல் ஒரு நிமிடம் நிற்கட்டும். என் அனுபவத்தில் அந்த ஒரு நிமிடம் பிள்ளைகள் அப்படியே அமைதியாகிவிடுகிறார்கள். வால்-ஈ அந்தச் செடியை மண்ணோடு எடுத்துவந்து ஒரு பழைய காலணிக்குள் வைப்பதையும் அவர்கள் கவனிக்கட்டும்.

பூமிக்கு வந்திறங்கிய விண்கலம், வால்-ஈயும் தொற்றிக்கொண்டிருக்க, பூமியைச் சுற்றிக் கிடக்கும் பழைய செயற்கைக்கோள்களைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் இடத்தில் அன்றையப் படத்தை முடித்துவிடுங்கள். "ஐயோ!" என்று கத்துவார்கள். கத்தட்டும். அடுத்த வாரம் ஒருவர்கூட வராமல் இருக்கமாட்டார்கள்.

இப்போது பெட்டியைத் திறங்கள். வால்-ஈ பார்த்ததுபோல ஒவ்வொரு பொருளையும் பார்க்கச் சொல்லுங்கள். போன ஆண்டு தே ஐஸ் பை நான்காம் ஆண்டுப் பெண் ஒருத்தியின் கைக்குப் போனது. அவள் அதை விளக்குக்கு நேரே பிடித்தாள். அடியில் ஒட்டியிருந்த பால் கலந்த தேநீரின் கடைசிச் சொட்டு ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெல்ல நகர்ந்தது. கயிற்று முடிச்சில் ஓர் எறும்பு. "இதை எவ்வளவு நேரம் பயன்படுத்தியிருப்போம்?" என்று கேட்டேன். "பத்து நிமிடம்" என்றாள். "அப்புறம்?" "குப்பைத்தொட்டி." "அப்புறம்?" "லாரி." "அப்புறம்?" அவள் யோசித்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் யோசித்தார்கள். கடைசியில் ஒருவன், "வெளியே போய்விடும் டீச்சர்" என்றான்.

அந்த 'வெளியே' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டு வகுப்பை முடித்தேன். இந்த ஆறு வாரமும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நகரும்.

நம் தெருவின் வால்-ஈ யார்?

இதை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். அடுத்த வாரம் பதில்கள் வந்து குவியும். மாடிப்படி கூட்டும் அக்கா. அட்டைப்பெட்டிகளை மூன்றுசக்கர மிதிவண்டியில் ஏற்றிப்போகும் சீனப் பாட்டி. ஒலிபெருக்கியில் "சுராட் காபார் லாமா" (பழைய செய்தித்தாள்) என்று கூவிக்கொண்டு வேனில் வருபவர். இவர்களைப் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கிறார்கள். ஆனால் யாரும் அவர்களைப் பார்க்கச் சொன்னதில்லை.

ஒரு முறை மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் எல்லாரும் சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்கவில்லை. கடைசியில் தலையைக் குனிந்தபடி, "என் தாத்தா குப்பை லாரியில் வேலை செய்தார்" என்றான். குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது இதே பையன் தாத்தாவுக்கு 'லாரி ஓட்டுநர்' என்று எழுதியிருந்தது எனக்கு நினைவிருந்தது. கூடத்தில் ஒரு நொடி அமைதி. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்படியானால் உன் தாத்தாதான் உண்மையான வால்-ஈ!" அவன் நிமிர்ந்த விதத்தை நான் மறக்கமாட்டேன்.

அந்தத் தாத்தாவை அடுத்த வாரம் அழைத்தோம். வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்தார். பூமி, சுற்றுச்சூழல் என்ற சொற்கள் எதையும் அவர் பேசவில்லை. வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு வெண்மையான தழும்பு. பைக்குள் உடைந்த கண்ணாடி இருந்தது தெரியாமல் தூக்கியபோது கிழித்ததாம். "கண்ணாடி உடைந்தால் நாலு மடிப்புப் பேப்பரில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதிப் போடச் சொல்லுங்கள் கண்ணுகளா. எங்களுக்கு அது போதும்" என்றார்.

அன்று மாலையே மூன்று வீடுகளில் பிள்ளைகள் பழைய பேப்பரும் மையும் எடுத்துவைத்துக்கொண்டு காத்திருந்ததாகப் பெற்றோர் சொன்னார்கள். என் அரை மணி நேரப் பேச்சு செய்யாததை ஒரு கை செய்தது. உங்கள் வட்டாரத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரைத் தேடிப் பிடித்து, மரியாதையோடு அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, தேநீர் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

இரண்டாம் சனிக்கிழமை: 'வெளியே' எங்கே இருக்கிறது?

படத்தின் எஞ்சிய பகுதி கப்பலில் நடக்கிறது. மனிதர்கள் மிதக்கும் நாற்காலியில் சாய்ந்தபடி, கண்ணுக்கு முன்னால் ஒரு திரை, கையில் உறிஞ்சுகுழல் வைத்த குவளை என்று இருப்பார்கள். உடல் பருத்தவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கக்கூடும். வகுப்பில் உடல்வாகை வைத்துக் கேலிக்கு ஆளாகும் ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கும். ஆகவே முன்கூட்டியே பேச்சை நாற்காலியின் பக்கம் திருப்பிவிடுங்கள்: "பக்கத்தில் இருப்பவரை இவர்கள் ஏன் பார்ப்பதே இல்லை?" திரை அணைந்ததும் முதன்முறையாக நட்சத்திரங்களைப் பார்க்கும் பெண்ணைக் காட்டுங்கள். அது போதும்.

கட்டாயம் நிறுத்த வேண்டிய இடம், கப்பலின் குப்பைக் கிடங்கு. அங்கே பெரிய இயந்திரங்கள் குப்பையைக் கட்டியாக அமுக்கி, கதவைத் திறந்து விண்வெளியில் தள்ளிவிடுகின்றன. கரும்பலகையில் போன வாரம் எழுதிய சொல்லைக் காட்டுங்கள். பூமியைக் குப்பையாக்கிவிட்டுப் போனவர்கள் எழுநூறு ஆண்டுகள் கழித்தும் அதையே செய்கிறார்கள் என்பதைப் பத்து வயதுப் பிள்ளை தானாகவே சொல்லிவிடும்.

உடனே பினாங்கு வரைபடத்தை விரியுங்கள். உங்கள் வீட்டை ஒரு புள்ளியாக வையுங்கள். அங்கிருந்து தெற்கே, நிபோங் தெபாலுக்கு அருகில் கடலோரத்தில் பூலாவ் பூரோங் என்ற இடத்துக்கு ஒரு கோடு இழுங்கள். பெருநிலத்தின் குப்பையும் தீவின் குப்பையும் கடைசியில் போய்ச் சேரும் நிலம் அது. தீவில் சேரும் குப்பை பத்து மாவுங்கில் உள்ள குப்பை இடமாற்று நிலையத்துக்குப் போய், பிறகு கடலைக் கடந்து இந்தப் பக்கம் வருகிறது. மலாய்ப் பெயரின் பொருளைப் பிள்ளைகளே சொல்வார்கள்: பறவைத் தீவு.

2022 சனவரியில் அந்தக் கிடங்கில் தீப்பிடித்துப் பல நாள்கள் புகைந்தது. அருகிலிருந்த பைராம் தோட்டத்து மக்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அங்கேயும் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லும்போது கூடத்தில் முகங்கள் மாறும். நாம் 'வெளியே' என்று சொன்ன இடம் இன்னொருவருடைய வீட்டு வாசல்.

ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதன் மறுபக்கத்தையும் சொல்லலாம். 2018-இல் சீனா அயல்நாட்டு நெகிழிக் கழிவை வாங்குவதை நிறுத்தியதும், அந்தக் கழிவில் பெரும்பங்கு மலேசியாவை நோக்கித் திரும்பியது. முறையின்றி வந்த கொள்கலன்களை அரசாங்கம் திருப்பி அனுப்பத் தொடங்கியது. 2020 சனவரிக்குள் 150 கொள்கலன்கள் 13 நாடுகளுக்குத் திரும்பிப் போயின. அவற்றில் பல, இதே பினாங்குத் துறைமுகத்தில் கிடந்தவை. யாரோ ஒரு நாட்டில் யாரோ ஒரு பிள்ளை 'வெளியே' போட்டது பட்டர்வொர்த்தில் வந்து நின்றது. இதைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு வரும் கோபம் நல்ல கோபம். அதை அணைக்காதீர்கள்.

படத்தை முடியும்வரை காட்டுங்கள். ஆனால் இறுதியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அந்தச் சில நிமிடங்களை எடுத்து வையுங்கள். காரணம் பின்னால் வரும்.

மூன்றாம் வாரம்: பாட்டியிடம் கேட்டு வருதல்

படத்தில் கப்பலின் தலைவர் பூமியையே பார்த்ததில்லை. வால்-ஈயின் கையில் ஒட்டியிருந்த மண்ணைச் சோதிக்கச் சொல்லிவிட்டு, கணினியிடம் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். பூமி என்றால் என்ன? கடல் என்றால் என்ன? இரவெல்லாம் தூங்காமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு அந்தக் கணினியைவிடச் சிறந்த ஆள் வீட்டிலேயே இருக்கிறார்.

தோட்டப்புறத்தில் வளர்ந்த பாட்டி தாத்தாவிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். உங்கள் சிறு வயதில் வீட்டில் குப்பைத்தொட்டி இருந்ததா? சாப்பாட்டை எதில் கட்டிக்கொண்டு போனீர்கள்? உடைந்த பொருளை என்ன செய்தீர்கள்? வரும் பதில்களைக் கேட்க நேரம் போதாது. மிச்சச் சோறு கோழிக்கு. அடுப்புச் சாம்பல் பாத்திரம் தேய்க்க. பால்மரம் (ரப்பர் மரம்) சீவப்போகும்போது தூக்குச்சட்டியில் சோறு. பிஸ்கட் டின்னில் அரிசி. கிழிந்த கைலி முதலில் தொட்டில், பிறகு கரித்துணி.

பழைய காலத்தைத் தங்கமாக்கிக் காட்ட வேண்டாம். அந்த வாழ்க்கையில் வறுமையும் நோயும் இருந்தன. பாட்டிகளே அதைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரு பொருளின் அடுத்த வேலை என்ன என்று யோசிக்கும் பழக்கம் நம் குடும்பங்களில் இருந்தது; அது எங்கிருந்தோ கொண்டுவந்து இறக்க வேண்டிய ஒன்று இல்லை. இதைப் பிள்ளை தெரிந்துகொண்டால் போதும். கடைக்குத் தாப்பாவ் (கட்டிக்கொண்டுபோகும் சாப்பாடு) வாங்கப் போகும்போது பாட்டியின் தூக்குச்சட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டுபோன ஒரு பையனுக்கு, கடைக்காரர் ஒரு கரண்டி குழம்பு கூடுதலாக ஊற்றினாராம். அதற்கு அடுத்த வாரம் நான்கு தூக்குச்சட்டிகள் அந்தக் கடை வாசலில் நின்றன.

காலணிச் செடி

அதே வாரம் பழைய காலணிகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகளுக்குக் கற்பூரவல்லி மிகவும் ஏற்றது. விரல் நீளத்துக்குக் கிளையை ஒடித்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு மண்ணில் செருகினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். மண் கொஞ்சம் போதும், ஒருநாள் தண்ணீர் மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

நட்ட பிறகு துளையிட முடியாது. ஆகவே முதலில் காலணியின் அடிப்பகுதியில் ஆணியைச் சூடாக்கி ஏழெட்டுத் துளைகள் போடுங்கள். இது பெரியவர் வேலை. துளை இல்லாமல் விட்டால் பிற்பகல் மழையில் காலணி நிறைந்து ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கிக் காய்ச்சல் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் ஊரில் இருக்கிறோம். மண்ணை விரல்களால் தளர்த்தி முக்கால் பங்கு நிரப்புங்கள். காலணியின் நாக்கை வெளியே இழுத்துவிட்டால் காற்று போகும். முதல் வாரம் நிழலில், பிறகு காலை வெயில் படும் மாடி நடையில் வையுங்கள். நடைவழியை அடைக்காதபடி சுவரோரமாக வைப்பது நல்லது.

ஒவ்வொரு காலணியின் குதிகாலிலும் பிள்ளையின் பெயரை எழுதுங்கள். சில செடிகள் வாடிப்போகும். இரகசியமாக மாற்றி வைக்காதீர்கள். வாடியதை எடுத்துப் பார்த்து, தண்ணீர் அதிகமா, வெயில் குறைவா என்று பேசி, இன்னொரு கிளையை நடச் செய்யுங்கள்.

நான்காம் வாரம்: தரம் பிரித்தல், ஏமாற்றத்தைக் கையாளுதல்

நம் நாட்டில் நீலத் தொட்டி காகிதத்துக்கு, பழுப்புத் தொட்டி கண்ணாடிக்கு, செம்மஞ்சள் தொட்டி அலுமினியத்துக்கும் நெகிழிக்கும். இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அலுமினியக் குவளையை உருக்கி மறுபடி செய்வதற்கு, தாதுவிலிருந்து புதிதாகச் செய்ய ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் ஆகும் என்பதைச் சொன்னால், குவளையைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

எங்கள் பிள்ளைகள் இரண்டு வாரம் கவனமாகப் பிரித்து வைத்தார்கள். ஒரு காலை, லாரியில் வந்தவர்கள் எல்லாப் பைகளையும் ஒன்றாக அள்ளிப் போட்டு அமுக்கிவிட்டுப் போனார்கள். மாடியிலிருந்து ஏழெட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டார்கள். "அப்படியானால் நாங்கள் ஏன் பிரிக்க வேண்டும்?" என்ற கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. எனக்கும் நெஞ்சு கனத்தது.

இது உங்களுக்கும் நேரலாம். சாக்கு சொல்லி மூடாதீர்கள். நடந்தது தவறு என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து பொறுப்பானவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: என்ன பார்த்தோம், எந்த நாள், என்ன கேட்கிறோம். திட்டாமல், கெஞ்சாமல் எழுதப் பழகுவதும் ஒரு பாடம். நாங்கள் எழுதினோம். பதில் வரும்வரை காத்திருக்காமல், பிரித்த பொருளைச் 'சுராட் காபார் லாமா' வேன்காரரிடம் நேரே கொடுக்கத் தொடங்கினோம். அவர் தராசில் நிறுத்து, சில ரிங்கிட் கொடுத்தார். அந்தப் பணத்தில் பிள்ளைகள் மண் மூட்டை ஒன்று வாங்கினார்கள்.

எல்லாச் சுமையையும் பிள்ளையின் தோளில் ஏற்றக்கூடாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். படத்தில் உலகுக்கே எல்லாவற்றையும் விற்ற ஒரு பெரிய நிறுவனம் வருகிறது. "குப்பைக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டால் பெரிய பிள்ளைகள் அதைச் சுட்டிக்காட்டுவார்கள். சரிதான். பினாங்கில் 2011-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து கடைகளில் நெகிழிப் பையை இலவசமாகக் கொடுப்பதை நாள்தோறும் நிறுத்தினார்கள். வேண்டுமென்றால் 20 சென் கொடுக்க வேண்டும் என்றானது. அது பெரியவர்கள் கூடி எடுத்த முடிவு. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தலைவராகப் பல்லாண்டுகள் இருந்து 2019-இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் போன்றவர்கள் வாழ்நாளெல்லாம் இதற்காகக் குரல் கொடுத்தார்கள். பிள்ளை தன் பையைப் பார்த்துக்கொள்ளட்டும். சட்டத்தையும் தொழிற்சாலையையும் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

அச்சம் வந்தால்

ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முதல் அரை மணி நேரத்தை மட்டும் காட்டுங்கள். அவர்களுக்கு அது குப்பைக்குள் விளையாடும் ஒரு நல்ல இயந்திரத்தின் கதை, அவ்வளவே. அதற்கு மேற்பட்ட பிள்ளை அன்றிரவு பயந்தால், "அதெல்லாம் நடக்காது" என்று சொல்லி முடிக்காதீர்கள். பிள்ளைக்கு அது பொய் என்று தெரியும். கையைப் பிடித்துக்கொண்டு, அது கதை, ஆனால் அக்கறைப்பட வேண்டிய கதை என்று சொல்லுங்கள். காலையில் காலணிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை அந்தப் பிள்ளைக்கே கொடுங்கள். முதல் ஆண்டு அழுத அந்தச் சிறுமிக்கு நான் அடுத்த வாரம் ஒரு கற்பூரவல்லிக் கிளையைக் கொடுத்தேன். முதல் காலணிச் செடி அவளுடையதுதான்.

ஆறாம் சனிக்கிழமை: எடுத்து வைத்த நிமிடங்கள்

ஐந்தாம் வாரம் படமும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். செடிகளைப் பார்த்துக்கொள்ளட்டும். ஆறாம் வாரம், கிளைகள் வேர் பிடித்துப் புதுத்தளிர் விட்டிருக்கும் நேரத்தில், அன்று நிறுத்திவைத்த இறுதிப் பகுதியைப் போடுங்கள். பெயர்கள் ஓடும்போது பின்னால் ஓவியங்கள் வரும். குகைச் சுவரில் வரைந்ததுபோலத் தொடங்கி, ஒவ்வொரு காலத்து ஓவிய முறையிலும் மனிதர்களும் இயந்திரங்களும் சேர்ந்து கிணறு வெட்டுவது, பயிரிடுவது, மீன் பிடிப்பது என்று பூமி திரும்பி வருவதைச் சொல்லிக்கொண்டே போகும். பிள்ளைகள் இதுவரை பார்த்திராத பகுதி இது.

கடைசியில் ஒரு பெரிய மரம். அதன் அடியில் வால்-ஈயும் ஈவ் என்ற அதன் தோழி இயந்திரமும். படம் மெல்லக் கீழே இறங்கும், வேர்கள் தெரியும், வேர்கள் எங்கிருந்து புறப்படுகின்றன என்று தெரியும். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். போன முறை ஒன்றாம் ஆண்டுப் பையன்தான் முதலில் கண்டுபிடித்தான். "காலணி!" என்று கத்திவிட்டு, படம் முடிவதற்குள் மாடி நடையைப் பார்த்து ஓடினான். மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள்.